ஒருமனதாக

ஐந்து பேர் டீக்கடைக்குப் போனால் ஐந்து டீ சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவரோடு போனால் கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார். டீயா காப்பியா, சர்க்கரை போடலாமா, காலையில் ஏதாவது சாப்பிட்டாயா, எல்லாம் கேட்பார். யாராவது அலுத்துப்போய் "ஏதோ ஒண்ணு சொல்லுங்க" என்றுவிட்டால் தொலைந்தது. ஏதோ ஒன்று என்பது அவர் கணக்கில் பதிலே இல்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்பார். டீக்கடைக்காரர் என்னைப் பார்ப்பார். நான் போளூர் போகும் பஸ் கிளம்புவதைப் பார்ப்பேன்.

ஜமுனாமரத்தூரில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். மலை விவசாயிகள் சேர்ந்து ஆரம்பித்த உற்பத்தியாளர் கம்பெனி அது. உறுப்பினர்களிடம் சாமையும் புளியும் தேனும் வாங்கி வெளியே விற்பது, சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கும் மில் ஒன்றை நடத்துவது, இதுதான் தொழில். எனக்கு முதன்மைச் செயல் அலுவலர் என்று பதவி. அந்தப் பதவியின் பெயரை எழுதிய பலகை என் அறைக் கதவைவிட அகலம். அவர் கம்பெனியின் தலைவர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுவதென்றால் அவரைக் கேட்க வேண்டும், கேட்டால் அவர் தன் ஊரைக் கேட்பார், ஊரில் யாராவது சந்தைக்குப் போயிருப்பார்கள், அவர்கள் திரும்பி வரும்வரை நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. படவேட்டில் எங்கள் வீட்டுக் கரும்பு, ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வராமல் வயலிலேயே காய்ந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். படித்து முடித்ததும், எதையாவது சட்டென்று செய்து முடிக்கிற இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தேன். வந்து சேர்ந்தது இவரிடம்.

ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். முழங்கை வரைக்கும் வெல்டிங் பொறி தெறித்த தழும்புகள். மலைக்குளிருக்கு, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள்வார். முதுகில் இருந்த கம்பெனி எழுத்துகள் பாதி உதிர்ந்திருக்கும். அங்கே சில வருஷம், வளைகுடாவில் சில வருஷம் என்று இருந்துவிட்டுத் திரும்பியவர். மலையில் அந்தக் காலத்தில் பஸ்ஸே ஒழுங்காக ஏறாதபோது இவர் விமானம் ஏறியிருக்கிறார். அதனால் எல்லோரும் அவரிடம் வெளிநாட்டுக் கதை கேட்பார்கள். ஏன் கேட்டோம் என்று பிறகு வருத்தப்படுவார்கள்.

சிங்கப்பூர் எப்படி என்றால் மற்றவர்கள் ரயிலைச் சொல்வார்கள், கட்டடத்தைச் சொல்வார்கள். இவர், பட்டறையில் வேலை நேரத்தை மாற்றியபோது யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்பதைச் சொல்வார். யாரையும் கேட்கவில்லை.

"எல்லாம் கரெக்டா நடக்கும்மா. துட்டு ஒண்ணாந்தேதி வந்துரும். ஓட்டுப்பொட்டியும் கீது. ஆனா ஒர்த்தனும் என்னை இன்னா வேணும்னு கேக்கல" என்பார். வளைகுடாவைப் பற்றியும் இதே பாட்டுதான். அங்கே ஓட்டுப்பெட்டியே கிடையாது, கட்டடம் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும், பாதி ராஜ்ஜியம் கண்ணாடி. சரி, நம் நாட்டில் கேட்கிறார்களே என்று ஒருநாள் நான் மடக்கினேன். கேட்கிறார்கள்தான், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து கும்பிட்டுக் கேட்கிறார்கள், அப்புறம் ரோடு காண்ட்ராக்ட் எடுத்தவன் ரோட்டை எங்கே போடுவது என்று யாரைக் கேட்கிறான் என்று பதிலுக்கு மடக்கினார்.

கல்லூரியில் எனக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொழில் பெருகினால் நாலு காசு பார்த்த வர்க்கம் பெருகும், அது பெருகினால் உரிமை கேட்கும், ஜனநாயகம் பின்னாலேயே வந்துவிடும் என்று. பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. முழு மார்க்கும் வாங்கினேன். அதை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எந்தூர்ல வந்துச்சு?" என்று கேட்டார். கிண்டலே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பதி மில்லைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் சாமைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, உங்கள் நாட்டுத் தொழிற்சாலையில் தொழிலாளியைக் கேட்பார்களா என்று என்னைவிட்டுக் கேட்கச் சொன்னார். பெரிய கம்பெனிகளில் மேலே இருக்கும் குழுவில் பாதிப் பேர் தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் என்றார்கள். அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார். அப்படி மலர்ந்த முகத்தை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றுவிட்டால் என்ன செய்வார்கள் என்று அடுத்த கேள்வி. தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்றார்கள். தலைவர் எந்தப் பக்கத்து ஆள்? முதலாளி பக்கம்.

"அப்டிப் போடு" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். ஆனாலும் பாதி வரைக்கும் கேட்கிறார்கள் பார் என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஒரு ஓட்டு. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டுதான். சட்டமே அப்படித்தான். ஆனால் இவருக்கு ஓட்டிலும் திருப்தி கிடையாது. கைதூக்கினால் பாதிக்கு மேல் வந்தவன் ஜெயித்துவிடுவான், மிச்சம் இருக்கிறவன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவான், அதெல்லாம் ஒரு கூட்டமா என்பார். கடைசி ஆள் தலையாட்டும்வரை பேச வேண்டும்.

மில்லில் யார் சாமையை முதலில் அரைப்பது என்று முடிவு செய்ய இந்த முறையில் மூன்று மாதம் ஆயிற்று. மலையில் சாமையைக் கையால் குத்துவது லேசான வேலை இல்லை. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண் காலையெல்லாம் உலக்கை போட வேண்டும். அதனால் வீட்டுச் சாப்பாட்டுக்காகக் கூடையில் கொண்டுவருகிற சாமைக்குத்தான் முதலிடம், விற்பனைக்கு உள்ளது பிறகு என்று முடிவாயிற்று. நியாயம்தான். ஆனால் சென்னைக்குச் சரக்கு ஏற்ற வந்த லாரி வெளியே நிற்க, உள்ளே ஐந்து படி சாமைக்கு மெஷின் ஓடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை அப்படித்தான் ஒரு பெரிய ஆர்டர் கைநழுவிப் போனது. அவரிடம் கத்தினேன். ஒரு கூடைக்காரிக்காகக் கம்பெனியே நிற்கணுமா என்றேன்.

"கம்பெனின்னா யாரும்மா? அவதான?" என்றார்.

அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அது எனக்குத் தெரிய வந்ததே ஓர் இயக்குநர் கூட்டத்தில்தான். மில்லை ஞாயிற்றுக்கிழமை மூடலாம் என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்து நான் அடுத்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் மெதுவாகச் சொன்னார், நான் போய் அவரை அழைத்து வர வேண்டும் என்று. அவர்கள் கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை. பிடிக்காதவர் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். அவர் வெளியே இருக்கும்வரை உள்ளே கூட்டம் இல்லை. கூட்டத்தைக் கூட்டியவர் போய்க் கூப்பிட வேண்டும், அவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சை வேறு விதமாக ஆரம்பிக்க வேண்டும்.

போனேன். பலாமரத்தடியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாங்க தலைவரே என்றதும் கோபதாபம் எதுவுமில்லாமல் எழுந்து வந்தார். ஞாயிறுதான் கூலிக்குப் போகாத நாள், அன்றுதான் பெண்கள் கூடை கொண்டுவருவார்கள் என்று அதன் பிறகு தெரிந்தது. மூடும் நாளைச் செவ்வாய்க்கு மாற்றினோம். இந்த வழக்கம் எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகுதான் சென்னையிலிருந்து அந்தக் கம்பெனி வந்தது. சிறுதானியத்துக்கு நகரத்தில் மவுசு ஏறியிருந்த நேரம். எங்கள் மில்லையும் அது நிற்கும் நிலத்தையும் சேர்த்து ஒரு புதுக் கம்பெனி தொடங்கலாம், பெரிய மெஷின்கள் நாங்கள் போடுகிறோம் என்றார்கள். புதுக் கம்பெனியில் பங்குக்கு ஒரு ஓட்டு. பங்கில் பெரும்பாதி அவர்களுக்கு. எனக்கு வேலூர் அலுவலகத்தில் மேலாளர் பதவி என்றும் பேச்சுவாக்கில் சொன்னார்கள். நான் அதற்கு மயங்கினேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, இந்த மலையில் ஒரு காரியமாவது விறுவிறுவென்று நடந்து பார்க்க வேண்டும் என்ற வெறி.

அவர் முடியாது என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். பத்தொன்பது குக்கிராமங்கள். சிலவற்றுக்கு வண்டித்தடம் கூட இல்லை. நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார். உறுப்பினர் அல்லாதவர்களையும் கேட்டார். சென்னைக்காரர்கள் எனக்கு நாள்தோறும் போன் செய்தார்கள். அமிர்திப் பக்கத்தில் வேறொரு இடம் பார்த்திருப்பதாகச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். அவரைப் பிடிக்க போன் செய்தால் சிக்னல் கிடைக்காது. கிடைத்தால், இன்னும் நாலு ஊர் பாக்கி என்பார்.

ஒருவழியாகத் திரும்பி வந்தார். எல்லா ஊரிலும் சரி என்கிறார்களாம், ஒரே ஒரு விஷயம் தவிர. கூடையில் கொண்டுவரும் சாமையைப் புது மில்லும் அரைத்துத் தருமா என்று பெண்கள் கேட்கிறார்கள். அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். நான் சென்னைக்குப் பேசினேன். அதெல்லாம் நிர்வாகம் பின்னால் பார்த்துக்கொள்ளும், ஒப்பந்தத்தில் வராது என்றார்கள். இதை அவரிடம் நேராகச் சொல்லாமல், பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன்.

பொதுக்குழு மில் கொட்டகையில் நடந்தது. வாசலில் மேஜை போட்டு வருகைப் பதிவேடு வைத்திருந்தேன். ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு உள்ளே போனார்கள். முதல் கையெழுத்து அவருடையது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். தலைவர் எழுந்து அந்தக் கூடை விஷயத்தைக் கேட்டார். அதிகாரி சிரித்த முகத்தோடு, கண்டிப்பாகப் பரிசீலிப்போம் என்றார்.

"எழுதிக் குடுத்துட்டா போதும் சார்" என்றார் இவர்.

பரிசீலிப்போம் என்று மறுபடியும் சொன்னார் அதிகாரி. இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் உள்மலை ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெண்கள் கூடைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ரோட்டோரத்து ஊர்க்காரர்கள், பைக் வைத்திருப்பவர்கள், அவர்கள்தான் மிச்சம்.

நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து வாசலைத் தாண்டி இருபது அடி நடந்து, வாங்க தலைவரே என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், துணைத்தலைவர் என்னைப் பார்த்தார். மொத்த உறுப்பினரில் கால்வாசிப் பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்பது சட்டம். உட்கார்ந்திருந்த தலைகளை எண்ணினால் கால்வாசி வரவில்லை. பதிவேட்டில் இருந்த கையெழுத்துகளை எண்ணினால் வந்தது. நான் கையெழுத்துகளை எண்ணினேன்.

தீர்மானத்தைப் படித்தேன். இருந்தவர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள், எதிர்ப்பு யாருமில்லை. நடவடிக்கைக் குறிப்பில் 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதினேன். ஏழு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் இருபதே நிமிஷத்தில் முடிந்த ஒரே கூட்டம் அதுதான்.

அதிகாரியின் கார் கிளம்பியபின் வெளியே வந்தேன். அறுபது எழுபது பேர் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கூப்புட வந்தியாம்மா?"

"இல்ல தலைவரே. முடிஞ்சிடுச்சு."

"இன்னா முடிஞ்சிடுச்சு?"

"கூட்டம்."

அவருக்குப் புரியவில்லை. தன் பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க இங்கதானம்மா கீறோம்" என்றார்.

சட்டத்தை விளக்கினேன். வெளியே போனவர்கள் ஓட்டுப் போடாதவர்களாகத்தான் கருதப்படுவார்கள் என்றேன். அது சட்டம்தான், பொய் இல்லை. கால்வாசிக் கணக்கை மட்டும் சொல்லவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அலுவலகத்துக்கு வந்து அந்தக் குறிப்பைக் காட்டச் சொன்னார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒருமனதாக என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதுல நானும் சேத்தியா?"

வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, அதனால் கூட்டத்தில் இருந்தவராகத்தான் கணக்கு என்றேன்.

"அப்போ நான் சரின்னு சொல்லிட்டேன்."

அவர் அங்கேயே என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கலெக்டரிடம் போகிறேன் என்று கத்தியிருக்கலாம். ஒரே ஒரு மனு போட்டிருந்தால் அந்தத் தீர்மானம் நின்றிருக்காது. அதை அவருக்குச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. அவரோ காகிதத்தில் இருப்பதை நம்பினார். தன் கையெழுத்து, தான் போட்டது, அதற்குத் தான்தான் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். இப்போது நினைத்தாலும் அவர்மேல் எரிச்சல்தான் வருகிறது. இத்தனை தேசம் பார்த்த மனுஷன், எல்லா ஊரிலும் யாரைக் கேட்டார்கள் என்று துருவித் துருவிக் கேட்ட மனுஷன், என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

தலைவர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வேலூர் போனேன். புது மெஷின்கள் வந்தன, மில்லுக்குச் சுற்றுச்சுவர் வந்தது, வாசலில் காவலாளி வந்தார். லாரி லோடுக்குக் குறைந்து எடுப்பதில்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை மில்லுக்கு அனுப்பிவைத்தது என் மேஜையிலிருந்துதான்.

போன சாமை அறுவடைக்குப் பின் ஆய்வுக்கு மலைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண், கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்த களைப்பில் குந்தியிருந்தாள். கூடை நிறைய சாமை. உள்மலை ஊர்க்காரி, என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். மில் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள் என்று, குறையாகச் சொல்லாமல், மழை வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். இனி வீட்டில் குத்திக்கொள்ள வேண்டியதுதான், தோள் வலிதான் தாங்காது என்றாள்.

தலைவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் பத்தொன்பது ஊருக்கும் மறுபடி நடந்தாராம். வீடு வீடாகப் போய், நான்தான் கூட்டத்தில் சரி என்று சொல்லிவிட்டேன், பிசகு என்னுடையது என்று சொன்னாராம். சில ஊர்களில் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். இப்போது எந்தக் கூட்டத்துக்கும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

"எங்க வூட்டுக்காரரு நம்பல மேடம். அந்தாளு அப்டி சொல்லியிருக்கமாட்டாருன்னு இன்னும் சண்ட போட்டுக்குனு கீறாரு. நீங்கதான் உள்ள இருந்தீங்களே. சரின்னு சொன்னாரா அவரு?"

போளூர் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"சொன்னாரு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, கூடையைத் தூக்கிவிட ஒரு கை கொடுக்கச் சொன்னாள். தூக்கிவிட்டேன்.